ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பெயர்: வளரும் ஸ்டார்ட்அப் நிறுவனர்களுக்கு உள்தளம் பற்றி ஒரு திறந்த மடல்

சென்னை ஓ.எம்.ஆரிலும், கோவை சரவணம்பட்டியிலும், மதுரையிலும் ஐம்பது பேரைத் தாண்டி இருநூறை நோக்கி வளர்ந்துகொண்டிருக்கும் நிறுவனங்களின் நிறுவனர்களுக்கும், அங்கே ஹெச்.ஆர்., ஐ.டி. பொறுப்பில் இருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

முப்பது பேர் இருந்தவரை உங்களுக்கு உள்தளம், அதாவது ஊழியர்கள் மட்டும் பார்க்கும் நிறுவன இணையதளம் (இன்ட்ராநெட்), தேவைப்படவில்லை. லீவ் எத்தனை நாள் பாக்கி, லேப்டாப் மக்கர் செய்தால் யாரைக் கேட்பது, கஸ்டமரைப் பார்க்கப் போன கார் வாடகையை எப்படித் திரும்ப வாங்குவது என்ற எல்லாக் கேள்விக்கும் பக்கத்து மேசையில் பதில் இருந்தது. எண்பது பேர் ஆனதும் அதே கேள்விகள் ஸ்லாக் என்ற அலுவலக அரட்டைச் செயலியில் வருகின்றன. நூற்றைம்பது பேர் ஆனதும் ஒரே கேள்விக்கு மூன்று பேர் மூன்று பதில் சொல்கிறார்கள். மூன்றுமே ஏதோ ஒரு காலத்தில் சரியாக இருந்த பதில்கள்தான். அந்தக் கட்டத்தில் "நமக்கு ஒரு இன்ட்ராநெட் வேண்டும்" என்று முடிவெடுக்கிறீர்கள். ஒரு டிசைனரையும் இரண்டு டெவலப்பர்களையும் உட்காரவைத்து, முகப்புப் பக்கத்தின் படத்திலிருந்து வேலை தொடங்குகிறது.

அந்த இடத்தில் உங்களைக் கொஞ்சம் நிறுத்தவே இந்த மடல். நிறுவனங்களுக்கு உள்தளம் அமைத்துக் கொடுப்பதும் பிறகு அதைப் பராமரிப்பதும் எங்கள் தொழில். அழகில்லாததால் செத்த உள்தளம் அபூர்வம். பதில் பழையதாகிவிட்டதால் செத்தவைதான் ஏராளம். ஒருவர் பயணப்படி விதியைத் தேடி வருகிறார், பக்கம் சொன்னபடி பில் போடுகிறார், ஃபைனான்ஸ் அதைத் திருப்பி அனுப்பி "அது போன வருஷத்து ரூல்" என்கிறது. அவர் மறுபடி உள்தளத்தைத் திறக்க மாட்டார், பக்கத்தில் இருப்பவரிடமும் சொல்லிவிடுவார். ஆகவே எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: பக்கத்தை எழுதுவதற்கு முன் அந்தப் பக்கத்துக்கு யார் பொறுப்பு என்று பெயர் எழுதுங்கள். பெயர் கிடைக்காத பக்கத்தை வெளியிடாதீர்கள். கீழே சொல்லும் எல்லாமே இதிலிருந்துதான் வருகிறது.

முதலில் எந்தப் பக்கங்கள் வேண்டும் என்று பார்க்கலாம். இதை மீட்டிங் அறையில் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. அப்படி யோசித்தால் "எங்கள் தொலைநோக்கு", "எங்கள் விழுமியங்கள்", "நிறுவனரின் செய்தி" என்றுதான் வரும். அதற்குப் பதிலாக ஸ்லாக்கின் பொதுச் சேனல்கள், ஹெச்.ஆர். மின்னஞ்சல் பெட்டி, ஐ.டி. டிக்கெட்டுகள், அட்மின் வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழு, இந்த நான்கிலும் கடைசி மூன்று மாதம் கேட்கப்பட்ட கேள்விகளை ஒரு ஷீட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். இலவச ஸ்லாக்கில் 90 நாளுக்கு முந்தைய செய்திகள் தெரியாது என்பதால், அந்த வேலையைத் தள்ளிப்போடத் தள்ளிப்போடக் கேள்விகள் கண்ணுக்கெட்டாமல் போய்க்கொண்டிருக்கும். ஷீட்டில் நான்கு நெடுவரிசை போதும்: கேள்வி, எத்தனை முறை வந்தது, யார் பதில் சொன்னார், அந்தப் பதில் எங்கேயாவது எழுத்தில் இருக்கிறதா. மூன்றாவது நெடுவரிசையில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும். பெரும்பாலும் அது அட்மினிலோ ஹெச்.ஆரிலோ நான்கைந்து வருடமாக இருக்கும் ஒருவர். அவர் ஒரு வாரம் ஊருக்குப் போனால் எந்தக் கேள்விகளெல்லாம் அந்தரத்தில் நிற்குமோ, அவைதான் உங்கள் முதல் பக்கங்கள். இருபத்தைந்து, முப்பது பக்கம் தேறும். அதற்கு மேல் போய்த் தொடங்க வேண்டாம்.

அடுத்து, பக்கங்களை எப்படி அடுக்குவது. நிறுவனத்தின் துறைகளையே மெனுவாக வைப்பது மிகப் பரவலான தவறு. புதிதாகச் சேர்ந்தவருக்கு ஐ.டி. கார்டு அட்மின் வேலையா, ஹெச்.ஆர். வேலையா, செக்யூரிட்டி வேலையா என்று எப்படித் தெரியும்? அவருக்குத் தெரிந்தது "கார்டு தொலைந்துவிட்டது" என்பது மட்டும்தான். துறைகள் வளரும் நிறுவனத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிரியும், சேரும், பெயர் மாறும். மெனுவும் கூடவே ஆட்டம் காணும். "சம்பளமும் வரியும்", "லீவும் விடுமுறையும்", "கருவிகளும் கணக்குகளும்", "பயணமும் செலவும்", "உதவியும் புகாரும்", "புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு" என்று ஊழியர் செய்ய வந்த வேலையின் பெயரில் பிரித்தால் மறுசீரமைப்பு நடந்தாலும் மெனு அசையாது.

பிரித்தது சரியா என்று பார்க்கச் செலவில்லாத ஒரு வழி உண்டு. கேள்விகளை நாற்பது அட்டைகளில் எழுதி, பதினைந்து பேரிடம் தனித்தனியாகக் கொடுத்து, ஒன்றாக இருக்க வேண்டியவற்றைச் சேர்த்து வைத்து அந்தக் கட்டுக்குப் பெயரும் வைக்கச் சொல்லுங்கள். கார்டு சார்ட்டிங் எனப்படும் இந்த முறைக்குப் பதினைந்து பேர் போதும் என்று பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2004-இல் எழுதியிருக்கிறார். பதினைந்து பேரும் இன்ஜினியர்களாக இருந்துவிடக் கூடாது. சப்போர்ட்டில் நைட் ஷிஃப்ட் பார்ப்பவர், சேல்ஸில் ஊர் ஊராகப் போகிறவர், சேர்ந்து ஒரு மாதம் ஆனவர், மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்பியவர் எல்லாரும் அதில் இருக்க வேண்டும். மெனு உருவானதும் ஐந்து பேரை உட்காரவைத்து, அவர்கள் கையில் இருக்கும் ஃபோனிலேயே, "உங்கள் அம்மாவை இன்ஷூரன்ஸில் சேர்க்க வேண்டும், எங்கே போவீர்கள்?" என்று கேளுங்கள். நீங்கள் வாய் திறக்கக் கூடாது, விரல் எங்கே போகிறது என்று மட்டும் பாருங்கள். மூன்று பேர் தப்பான இடத்துக்குப் போனால் பெயர்தான் தப்பு, ஆட்கள் இல்லை.

இனி எழுத்து. எங்கள் அனுபவத்தில் உழைப்பு அதிகம் கேட்கும் பகுதி இது. டெவலப்பர்கள் ஒரு வாரத்தில் முடித்துவிடும் தளத்துக்கு எழுத்து ஒரு மாதம் எடுக்கும், அந்த நேரத்தை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். விடுப்புப் பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். ஹெச்.ஆர். கோப்பிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டினால் இப்படி இருக்கும்: "தகுதியுள்ள ஊழியர்கள், நிர்வாகத்தின் முன் அனுமதியின் பேரில், நடைமுறையிலுள்ள கொள்கைக்கு உட்பட்டு, ஒதுக்கீடு செய்யப்பட்ட விடுப்பினைப் பயன்படுத்திக்கொள்ளலாம்." இதைப் படித்தவர் நேராக ஹெச்.ஆருக்கு மெசேஜ் போடுவார். இதையே இப்படி எழுதலாம்:

"உடம்பு சரியில்லையா? காலை 10 மணிக்குள் உங்கள் மேனேஜருக்கு ஒரு மெசேஜ் போட்டால் போதும். வேலைக்குத் திரும்பிய அன்று லீவ் மென்பொருளில் பதிவு செய்யுங்கள். தொடர்ந்து 3 நாளுக்கு மேல் என்றால் டாக்டர் சீட்டு வேண்டும். லீவ் தீர்ந்துவிட்டால் அது சம்பளமில்லாத விடுப்பாகும். அதற்கு மேனேஜரோடு ஹெச்.ஆர். அனுமதியும் தேவை. யாருக்குப் பொருந்தும்: நிரந்தர ஊழியர்கள், பயிற்சிக் காலத்தில் உள்ளவர்கள். காண்ட்ராக்டில் இருப்பவர்களுக்குத் தனிப் பக்கம் இருக்கிறது."

அனுமதி யாருடையது, எத்தனை மணிக்குள், எத்தனை நாள், யாருக்குப் பொருந்தாது என்ற நான்கும் எழுதும்போதே தெளிவாகியாக வேண்டும். எழுத முடியவில்லை என்றால் விதியே இன்னும் முடிவாகவில்லை என்று பொருள். உள்தளம் எழுதப் போகும்போதுதான் பல நிறுவனங்கள் தங்களிடம் பயணப்படிக்கு விதியே இல்லை, மேனேஜருக்கு மேனேஜர் மாறுகிறது என்று கண்டுபிடிக்கின்றன. அந்தப் பக்கத்தை மழுப்பி எழுதாமல், நிறுவனர்களே உட்கார்ந்து விதியை முடிவு செய்துவிட்டு எழுதக் கொடுங்கள்.

ஒவ்வொரு பக்கத்தின் தலைமாட்டிலும் ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும்: பொறுப்பாளர் பெயர், கடைசியாகச் சரிபார்த்த தேதி, அடுத்துச் சரிபார்க்க வேண்டிய தேதி. "ஹெச்.ஆர். குழு" என்று போடக் கூடாது, குழுவுக்குப் பொறுப்பு என்றால் யாருக்கும் பொறுப்பில்லை என்றாகிவிடும். ஒருவர் பெயர் வேண்டும். அவர் வேலையை விட்டுப் போகும்போது நிரப்பும் எக்ஸிட் பட்டியலில், லேப்டாப் திருப்பிக் கொடுப்பதற்கு அடுத்த வரியிலேயே "என் பெயரில் உள்ள உள்தளப் பக்கங்கள் யாருக்கு மாற்றப்பட்டன" என்று ஒரு கட்டம் இருக்க வேண்டும். சம்பளம், வரி, சட்டம் சார்ந்த பக்கங்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மற்றவற்றுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சரிபார்ப்பு. தேதி கடந்தால் பக்கத்தின் மேல் தானாகவே மஞ்சள் பட்டை ஒன்று "இது சரிபார்க்கப்படவில்லை, பொறுப்பாளரைக் கேளுங்கள்" என்று காட்டட்டும். பொறுப்பாளருக்கு அது கொஞ்சம் சங்கடமாக இருக்கும். அந்தச் சங்கடம் தேவைதான்.

சரிபார்ப்பு சடங்கல்ல என்பதற்கு ஓர் உதாரணம். ஒன்றிய அரசின் நான்கு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, வேலையை விட்டவருக்கோ நீக்கப்பட்டவருக்கோ தர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். உங்கள் உள்தளத்தில் "ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட் 45 நாளில்" என்று எழுதிவைத்த பக்கம் இன்னும் இருக்கிறதா என்று இந்த மடலைப் படித்து முடித்ததும் தேடிப் பாருங்கள். குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டவர்களுக்கு ஒரு வருடச் சேவையிலேயே கிராஜுவிட்டி (பணிக்கொடை) உரிமை வந்திருப்பதும், "ஐந்து வருடம் முடிந்தால்" என்று மட்டும் எழுதியிருக்கும் பக்கத்தில் இருக்காது. அதேபோல் 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1-இலிருந்து நடைமுறைக்கு வருகிறது, பிரிவு எண்களே மாறுகின்றன. "80சி-க்குக் கீழே முதலீட்டு ஆதாரம் கொடுங்கள்" என்ற பக்கம் அப்படியே நிற்க முடியாது. சட்டம் மாறும்போது எந்தெந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டும் என்று தெரிந்திருக்க, சட்ட எண்களை எல்லாப் பக்கத்திலும் தூவாமல் ஒரே பக்கத்தில் வைத்து மற்றவற்றிலிருந்து அதற்கு இணைப்புக் கொடுங்கள்.

இதே காரணத்துக்காகத்தான் ஒரு விஷயத்துக்கு ஒரே பக்கம் என்கிறோம். லீவ் விதி ஒரு பி.டி.எஃப்பில், சேரும்போது கொடுக்கும் கையேட்டில், ஸ்லாக்கில் பின் செய்த செய்தியில், கூகுள் டிரைவில் "இறுதி இரண்டு" என்ற பெயரில் என்று நான்கு இடத்தில் இருந்தால், ஒன்றை மாற்றும்போது மூன்று தப்பாகிவிடும். புதுப் பக்கம் வெளியான அன்றே பழையவற்றை அழியுங்கள், அல்லது உள்ளடக்கத்தை எடுத்துவிட்டு ஒரே ஒரு வரியில் புதுப் பக்கத்தின் இணைப்பை வையுங்கள். பழைய முகவரிகளைப் புதிய பக்கத்துக்குத் திருப்பிவிடவும் மறக்காதீர்கள், பலரும் புக்மார்க் வைத்திருப்பார்கள். சம்பளச் சீட்டு, லீவ் பாக்கி, வருகைப் பதிவு போன்றவற்றை உள்தளத்துக்குள் இழுத்துக் காட்ட ஆசை வரும். வேண்டாம். அவை ஏற்கெனவே ஜோஹோ பீப்பிள், கேகா போன்ற ஏதோ ஒரு ஹெச்.ஆர். மென்பொருளில் இருக்கின்றன. உள்தளம் விதியைச் சொல்லி, சரியான திரைக்கு நேராக இணைப்புக் கொடுத்தால் போதும்.

எந்த மென்பொருள் என்ற கேள்விக்கு எங்கள் பதில் சுருக்கமானது. நூறு பேருக்குள் என்றால் நீங்கள் ஏற்கெனவே பணம் கட்டும் தொகுப்பில் உள்ளதே போதும். கூகுள் ஒர்க்ஸ்பேஸ் இருந்தால் கூகுள் சைட்ஸ், மைக்ரோசாஃப்ட் 365 இருந்தால் ஷேர்பாயின்ட், ஜோஹோ இருந்தால் ஜோஹோ கனெக்ட். கன்ஃப்ளூயன்ஸ், நோஷன் என்ற ஆவணக் கருவிகள் இன்ஜினியர்களுக்குப் பிடிக்கும். சப்போர்ட், சேல்ஸ் ஆட்களுக்கும் அதில் லாகின் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், லைசென்ஸ் செலவை மிச்சம்பிடிக்கப் பாதிப் பேரை வெளியே நிறுத்தினால் அது உள்தளமாகாது. சொந்தமாக எழுதாதீர்கள். உங்கள் ஆட்கள் கெட்டிக்காரர்கள்தான், மூன்று வாரத்தில் எழுதிவிடுவார்கள். அதை எழுதியவர் அடுத்த வருடம் வேறு கம்பெனிக்குப் போன பிறகு, ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தக்கூட டெவலப்பருக்கு டிக்கெட் போட வேண்டிய நிலை வரும். ஹெச்.ஆரில் இருப்பவர் தானே உள்ளே போய் இரண்டு நிமிடத்தில் ஒரு வரியை மாற்ற முடிய வேண்டும். மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் முன் அவரையே உட்காரவைத்து அதைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

முகப்புப் பக்கத்தில் தேடல் பெட்டி மேலே, அதிகம் தேடப்படும் எட்டு வேலைகளுக்கு இணைப்பு, ஆள் தேட ஒரு வழி, நடப்பு அறிவிப்பு ஒன்றோ இரண்டோ. அவ்வளவுதான். நகரும் படங்கள் வேண்டாம், இரண்டாவது படத்தை யாரும் பார்ப்பதில்லை. அறிவிப்பு போடும்போதே அது எப்போது மறைய வேண்டும் என்ற தேதியையும் கேட்கும்படி படிவத்தை அமையுங்கள், தேதி போடாவிட்டால் பதினான்கு நாளில் தானாக மறையட்டும். பொங்கல் வாழ்த்து மார்ச் மாதம்வரை முகப்பில் இருந்தால், பக்கத்திலுள்ள இன்ஷூரன்ஸ் கடைசித் தேதியையும் யாரும் நம்ப மாட்டார்கள். விடுமுறைப் பட்டியலை ஊர்வாரியாகப் பிரியுங்கள். சென்னையில் உழவர் திருநாளுக்கு ஆபீஸ் இல்லை, பெங்களூரில் நவம்பர் 1 ராஜ்யோத்சவத்துக்கு இல்லை. ஒரே பட்டியலாகப் போட்டால் இரண்டு ஊரிலும் குழப்பம்.

தேடல் தனிக் கவனம் கேட்கும். ஊழியர்கள் உங்கள் சொற்களில் தேட மாட்டார்கள். நீங்கள் "ரீஇம்பர்ஸ்மென்ட்" என்று தலைப்பு வைத்திருப்பீர்கள், அவர் "கேப் பில்" என்று தேடுவார். பக்கத்தின் அடியில் "இப்படியும் தேடலாம்" என்று ஒரு வரி வைத்து, மக்கள் சொல்லும் எல்லாச் சொல்லையும் அதில் போட்டுவிடுங்கள். தமிழில் தேடுபவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு: பல தேடுபொறிகள் தமிழ் வேற்றுமை உருபுகளைப் பிரித்துப் பார்ப்பதில்லை. பக்கத்தில் "விடுப்புக்கு" என்று மட்டும் இருந்தால் "விடுப்பு" என்று தேடுபவருக்கு அது அகப்படாமல் போகலாம். அதனால் மூலச்சொல் தலைப்பிலாவது தனியாக ஒருமுறை வர வேண்டும். தமிழ் எழுத்தில் ஒருமுறை, ஆங்கில எழுத்தில் தட்டச்சும் வடிவத்தில் ஒருமுறை என்று இரண்டையும் அந்த அடிவரியில் போடுங்கள். வாரம் ஒருமுறை, ஒரு விடையும் கிடைக்காத தேடல்களின் பட்டியலை எடுத்துப் படியுங்கள். அடுத்து எழுத வேண்டிய பக்கங்கள் அதில்தான் இருக்கும்.

தமிழ் என்றதும் ஒன்று. எல்லாப் பக்கமும் இரு மொழியில் வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை, கோட் ரிவ்யூ விதிகளுக்கு அது தேவையில்லை. சம்பளம், லீவ், இன்ஷூரன்ஸ், பாதுகாப்பு, புகார் ஆகியவை மட்டும் தமிழிலும் இருந்தாக வேண்டும். உங்கள் கட்டடத்தில் ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி, டிரைவர், கேன்டீன் ஆட்களும் இருக்கிறார்கள். மெஷின் மொழிபெயர்ப்பைப் போட்டு விட்டுவிடாதீர்கள், சட்ட விதி ஒன்று தலைகீழாகிவிடும். ஆங்கிலப் பக்கம் மாறிய அன்றே தமிழும் மாற வேண்டும், முடியாவிட்டால் அதுவரை தமிழ்ப் பக்கத்தின் மேல் அதைச் சொல்லுங்கள். எழுத்துரு யூனிகோடாக மட்டுமே இருக்கட்டும். பாமினி என்ற யூனிகோடல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய சுற்றறிக்கைகளை அப்படியே ஏற்றினால் தேடலில் வராது, ஃபோனில் குப்பையாகத் தெரியும். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு இலவசம், எல்லா ஃபோனிலும் நன்றாகத் தெரிகிறது. எழுத்தளவு 16 பிக்சலுக்குக் குறையாமலும், வரி இடைவெளி ஆங்கிலத்துக்கு வைப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவும் இருக்கட்டும். ஆங்கிலச் சொல்லுக்கு அளவெடுத்த பொத்தானில் தமிழ்ச் சொல் பாதியில் வெட்டுப்படும். டிசைனை முடிக்கும் முன் தமிழ்ச் சொற்களைப் போட்டுப் பாருங்கள்.

புகார் பக்கத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்விசாரணைக் குழு இருந்தாக வேண்டும் என்கிறது. தலைவர் ஒரு மூத்த பெண் ஊழியர், உறுப்பினரில் பாதிப் பேராவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். பெரும்பாலான உள்தளங்களில் இதற்கு இருப்பது பதினெட்டுப் பக்க பி.டி.எஃப் ஒன்று. பாதிக்கப்பட்டவர் அதைப் படிக்கும் மனநிலையில் இருக்க மாட்டார். பக்கத்தின் மேலேயே குழுவினரின் பெயர், ஃபோன் எண், மின்னஞ்சல். அதற்குக் கீழே, சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்கலாம், தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம்வரை நீட்டிக்கலாம், விசாரணை 90 நாளில் முடிய வேண்டும், எழுத முடியாவிட்டால் குழுவே எழுத உதவ வேண்டும். இவ்வளவும் ஒரே திரையில் அடங்கும். குழுவின் மின்னஞ்சல் முகவரி யார் யாருக்குப் போகிறது என்று ஐ.டி.யோடு உட்கார்ந்து பாருங்கள். பழைய ஹெச்.ஆர். மேனேஜரோ ஒரு நிறுவனரோ அந்தப் பட்டியலில் இன்னும் இருந்தால், அந்தப் பக்கமே பொறி.

பலரும் கவனிக்காத இன்னொன்று: பல மென்பொருள்கள், ஒரு பக்கத்தை யார் யார் பார்த்தார்கள் என்று பெயரோடு காட்டும். இந்தப் பக்கத்துக்கு அதை அணைத்தே ஆக வேண்டும். அணைக்க முடியாத மென்பொருள் என்றால் இந்தப் பக்கத்தை லாகின் தேவையில்லாத தனி இடத்தில் வையுங்கள். சட்டப்படி, தண்டனை விவரத்தையும் குழு அமைத்த ஆணையையும் பணியிடத்தில் கண்ணில் படும் இடத்தில் ஒட்டி வைக்கவும் வேண்டும். உள்தளப் பக்கம் அதற்கு மாற்றாகாது.

யாருக்கு எது தெரியலாம் என்பதை ஆள் ஆளாக முடிவு செய்யாதீர்கள். எல்லாரும், மேனேஜர்கள், ஃபைனான்ஸ், காண்ட்ராக்ட் ஆட்கள் என்று நான்கைந்து குழுக்கள் வைத்து, அனுமதியைக் குழுவுக்கு மட்டும் கொடுங்கள். ஆள் ஆளாகக் கொடுத்த அனுமதி இரண்டு வருடத்தில் யாராலும் அவிழ்க்க முடியாத சிக்கலாகிவிடும். லாகின் நிறுவனக் கணக்கு வழியாக மட்டும் இருந்தால், ஒருவர் வேலையை விட்ட அன்று அந்த ஒரு கணக்கை நிறுத்தியதும் உள்தளமும் மூடிவிடும். "இணைப்பு உள்ள யாரும் பார்க்கலாம்" என்ற அமைப்பை நிர்வாகி மட்டத்திலேயே பூட்டிவிடுங்கள். தேடுபொறிகளுக்குத் தடை போட்டிருக்கிறோம் என்பது பாதுகாப்பாகாது, இணைப்பு ஒருமுறை வெளியே போனால் போனதுதான். ஊழியர் பட்டியலில் பெயர், படம், வேலை, குழு, ஊர், அலுவலக மின்னஞ்சல் போதும். சொந்த ஃபோன் எண், வீட்டு முகவரி, பிறந்த வருடம் ஆகியவற்றை அவரவர் விரும்பினால் தவிர போடக் கூடாது. பெண் ஊழியர்களின் எண்ணை எல்லாருக்கும் திறந்து வைப்பதால் என்ன நடக்கும் என்று உங்கள் குழுவிலுள்ள பெண்களிடமே கேளுங்கள்.

"லேப்டாப் தொலைந்துவிட்டது", "தப்பான இணைப்பைக் கிளிக் செய்துவிட்டேன்" இரண்டுக்கும் தனிப் பக்கம் வேண்டும், அதன் முதல் வரியில் ஃபோன் எண் வேண்டும். மின்னஞ்சல் முகவரியால் பயனில்லை, லேப்டாப் தொலைந்தவர் எதிலிருந்து அனுப்புவார்? ஒன்றிய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று போட்ட உத்தரவுப்படி, பட்டியலிடப்பட்ட சைபர் சம்பவங்களைத் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். உங்கள் ஊழியர் திட்டு விழுமோ என்று பயந்து மறுநாள் காலைவரை சொல்லாமல் இருந்தால் அந்த ஆறு மணி நேரத்தில் நீங்கள் செய்திருக்கக்கூடியது எதுவும் நடக்காது. "உடனே சொன்னதற்காக யார் மேலும் நடவடிக்கை இல்லை" என்று நிறுவனர் பெயரிலேயே அந்தப் பக்கத்தில் எழுதுங்கள், எழுதியபடி நடந்துகொள்ளுங்கள்.

சென்னையில் இருப்பவர்களுக்கு இன்னொரு பக்கம்: "இன்று ஆபீஸ் உண்டா?" 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் தண்ணீரில் நின்றது எல்லாருக்கும் நினைவிருக்கும், கரண்ட்டும் ஃபோன் சிக்னலும் போயிருந்தன. அன்றைக்குப் பயன்படும் பக்கத்தில் படம் இருக்கக் கூடாது, எழுத்து மட்டும், ஒரு பாயின்ட் சிக்னலிலும் திறக்க வேண்டும். முடிவெடுப்பவர் யார், காலை எத்தனை மணிக்குள், அவர் கிடைக்காவிட்டால் அடுத்தவர் யார் என்பது மழைக்காலத்துக்கு முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். அக்டோபரில் ஒருமுறை ஒத்திகை பார்த்துவிடுங்கள். உள்தளத்தை ஆபீஸில் உள்ள சர்வரில் வைத்திருந்தால் ஜெனரேட்டர் டீசல் தீரும்போது அதுவும் போய்விடும். ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் நுழையும் வி.பி.என். இருந்தால்தான் திறக்கும் என்று வைத்திருந்தாலும் கிட்டத்தட்ட அதே கதிதான். இந்த ஒரு செய்திக்கு எஸ்.எம்.எஸ்ஸையும் கூடவே வையுங்கள்.

புதிதாகச் சேர்பவர்களுக்கான பக்கத்தை வேலை தொடங்கும் நாளுக்கு முன்பே பார்க்கக் கொடுத்துவிடுங்கள். என்ன ஆவணங்கள், எந்தப் பேருந்து நிறுத்தம், முதல் நாள் யாரைப் பார்ப்பது, சாப்பாடு எங்கே. பி.எஃப். பகுதியில் ஒரு வரியைத் தடித்த எழுத்தில் போடுங்கள்: முந்தைய வேலையில் யு.ஏ.என். (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) இருந்தால் அதையே கொடுங்கள், புதிதாக எடுக்காதீர்கள். இரண்டு யு.ஏ.என். ஆகிவிட்டால் பழைய பி.எஃப். பணத்தை மாற்றுவதற்குள் ஊழியரும் உங்கள் பேரோல் ஆளும் படாத பாடு படுவார்கள்.

வெளியிட்ட பிறகு எது அளவுகோல்? பக்கப் பார்வை எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், ஒரு பக்கத்தை ஒருவர் ஏழு முறை திறந்தார் என்றால் ஆறு முறை அவருக்கு விளங்கவில்லை என்றும் இருக்கலாம். தொடக்கத்தில் போட்ட அந்த ஷீட்டையே மூன்று மாதம் கழித்து மறுபடி எடுங்கள். அதே கேள்விகள் ஸ்லாக்கில் இன்னும் எத்தனை முறை வருகின்றன? குறையாத கேள்விக்கான பக்கத்தைத் திறந்து, கேட்டவரோடு சேர்ந்து படித்துப் பாருங்கள். கேள்வி வரும்போது ஸ்லாக்கில் முழுப் பதிலை எழுதும் பழக்கத்தையும் விட வேண்டும். பக்கத்தின் இணைப்பை மட்டும் கொடுங்கள், பக்கம் இல்லை என்றால் எழுதிவிட்டு இணைப்பைக் கொடுங்கள். இதை நிறுவனர் செய்தால்தான் மற்றவர்கள் செய்வார்கள்.

கடைசியாக, இத்தனைக்கும் ஒரு ஆள் வேண்டும். பக்கப் பொறுப்பாளர்கள் இருபது பேர் இருந்தாலும், தேதி கடந்த பக்கங்களைத் துரத்தவும், விடை கிடைக்காத தேடல்களைப் படிக்கவும், எழுத்தைச் சீர்செய்யவும் ஒரு எடிட்டர் தேவை. இருநூறு பேர் நிறுவனத்துக்கு வாரம் ஒரு முழு நாள் ஒதுக்கினால் ஓடும். "நேரம் கிடைக்கும்போது பார்த்துக்கொள்" என்று யார் தலையிலும் கட்டாதீர்கள். அவருடைய வேலை விவரத்தில் எழுதுங்கள், அப்ரைசலில் அதைக் கணக்கில் எடுங்கள், அந்த ஒரு நாளில் அவருக்கு வேறு மீட்டிங் போடாமல் அவருடைய மேனேஜரிடம் சொல்லிவையுங்கள். மென்பொருள் டெமோவுக்கு நேரம் குறிப்பதற்கு முன் அவர் யார் என்று முடிவு செய்து, எல்லா ஊழியரும் கூடும் அடுத்த ஆல் ஹேண்ட்ஸ் கூட்டத்தில் பெயரை அறிவியுங்கள்.

அன்புடன்,
உள்தளங்கள் அமைத்துப் பராமரிக்கும் தொழிலில் உள்ள சிலர்